கடல் எந்தப் பக்கம்?

எங்கள் கல்லூரியில் யாரும் என்னை ஜூஸ்தின் என்று கூப்பிடுவதில்லை. ‘ஸ்ப்ரே மேடம்’ என்பார்கள். பெண்கள் கால்பந்து அணிக்கு நான் ட்ரெய்னர். யாருடைய முட்டி வீங்கியிருக்கிறது, யாருக்குத் தொடையில் பிடிப்பு, யாரை ஆடவிடலாம், யாரை உட்கார வைக்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. கோச் தணிகாசலம் சாருக்கு இதெல்லாம் வேண்டாம். விழுந்தவளிடம் ஓடிப்போய் ஸ்ப்ரே அடித்து, முதுகில் தட்டி, “ஒண்ணுமில்ல, ஓடு” என்று சொன்னால் போதும். அதற்கா இவ்வளவு படித்தாய் என்று பாரீசிலிருந்து அண்ணன் வின்சான் ஞாயிறு தவறாமல் போன் போட்டுக் கேட்பான். அவனோடு சண்டை போட்டே என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். ஆளுக்கொரு கோல். எங்கள் கோலைப் போட்டவள் கேப்டன் சரிதா, கடலோர மீனவக் குப்பமான வைத்திக்குப்பத்துப் பெண். இடது காலால் அவள் அடித்தால் பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அவளைப் பார்க்கத்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துவிட்டால் வேலையும் சேர்ந்து வரும். அவளுடைய அம்மா வேம்பு அன்றைக்கு மீன் கடை போடாமல், இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கேலரியில் முதல் வரிசையில் இருந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் சரிதா தலையால் முட்ட எகிறினாள். எதிரணி கோல்கீப்பரின் முட்டி அவள் பொட்டில் இடித்தது. விழுந்தாள், உடனே எழுந்தாள். கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை. எழுந்தவள் எதிரணி கோலை விட்டுவிட்டு எங்கள் கோலைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தாள். அதற்குள் இடைவேளை விசில் அடித்துவிட்டார்கள்.

நான் ஐஸ் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மற்ற பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஏதோ குசுகுசுத்தார்கள். தலையில் அடிபட்டவர்களிடம் நான் என்ன கேட்பேன் என்று அந்தக் கழுதைகளுக்கு மனப்பாடம்.

“இன்னிக்கு என்ன கெழம?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம. ஒண்ணுக்கு ஒண்ணு. நான்தான் கோல் போட்டேன்” என்றாள் சரிதா ஒரே மூச்சில்.

நான் கேட்டது ஒரு கேள்வி, அவள் சொன்னது மூன்று பதில். பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. இவர்களுக்குத் தெரியாத கேள்வியாக ஒன்று வேண்டும்.

“கடல் எந்தப் பக்கம்டி?”

சரிதா சிரித்தாள். கையைத் தூக்கினாள். வில்லியனூர் பக்கம் காட்டினாள்.

பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்குகிறவள் அவள். கண்ணைக் கட்டி விட்டாலும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அவள் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“சார், இவ ஆடக் கூடாது” என்றேன்.

தணிகாசலம் சார் முதலில் சிரித்தார். பிறகு நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் முகம் மாறியது. “கடல் எங்க இருந்தா என்னாம்மா? கோல் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். ஸ்ப்ரே அடிச்சிட்டு நகரு.”

“மண்டைக்கு ஏது சார் ஸ்ப்ரே? இன்னொரு இடி வாங்குனா உயிருக்கே ஆபத்து.”

“யார ஆட வைக்கறதுன்னு நான் சொல்லணும். நீ இல்ல.”

அது உண்மைதான். அந்த மைதானத்தில் என் பேச்சுக்கு மூன்று காசு மரியாதை கிடையாது. ஆனால் சரிதாவின் இடது கால் அப்போது என் மடியில்தான் இருந்தது. அவளை உட்கார வைத்து, கணுக்காலைப் பார்க்கிறேன் என்று பூட்ஸைக் கழற்றியிருந்தேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். மதில் ஓரம் நின்ற என் ஸ்கூட்டருக்கு நடந்தேன். டிக்கியில் போட்டுப் பூட்டினேன். சாவியை எந்த ஆம்பளையும் கை வைக்க முடியாத இடத்தில் போட்டுக்கொண்டேன். அணியிலேயே பெரிய கால் சரிதாவுக்கு. இன்னொருத்தி பூட்ஸ் அவளுக்குக் கட்டை விரலோடு நின்றுவிடும்.

“யக்கா, என் பூட்ஸக் குடு! ரயில்வேகாரங்க வந்திருக்காங்க, யக்கா!” சரிதா ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்து என் சட்டையைப் பிடித்தாள். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கொடுக்கவில்லை.

தணிகாசலம் சார் கேலரியைப் பார்த்துக் கத்தினார். “ஏம்மா வேம்பு, எறங்கி வா! ஒன் பொண்ணு வாழ்க்கையில இந்தம்மா மண்ணள்ளிப் போடுது, வந்து கேளு!”

வேம்பு வந்தார். வந்த வேகத்தைப் பார்த்து நான் இரண்டடி பின்னால் போனேன். ஆனால் அவர் என்னிடம் வரவில்லை. மகளின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, “மேடம் உங்கிட்ட என்னாடி கேட்டுது?” என்றார்.

“கடல் எந்தப் பக்கம்னு கேட்டுது. சொல்லிட்டேம்மா.”

“எங்கிட்ட சொல்லு.”

சரிதா மறுபடியும் வில்லியனூர் பக்கம் கையைக் காட்டினாள்.

வேம்பு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் சார் டிக்கியை நெம்ப எங்கிருந்தோ ஒரு இரும்புக் கம்பி கொண்டுவந்துவிட்டார். வேம்பு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் ஸ்கூட்டர் மேல் ஏறி உட்கார்ந்தார்.

“எவன் வந்து தொறக்கறான்னு பாக்கறேன்” என்றார்.

யாரும் திறக்கவில்லை. சரிதா இல்லாமல் ஆடினோம், தோற்றோம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு எதுவும் இல்லை, மூளை அதிர்ந்திருக்கிறது, நன்றாகத் தேறும்வரை பந்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அதில் முதல் பாதி மட்டும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. ரயில்வேக்காரர்கள் வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டு போனார்கள். “இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத” என்று சரிதா என்னிடம் சொன்னாள்.

மறுநாள் கல்லூரிச் செயலாளர் முசியே எதுவார் கூப்பிட்டு அனுப்பினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்; அதனால் அவர் எங்களுக்கு ‘ஐயா’ இல்லை, ‘முசியே’. என் அப்பாவோடு ஒன்றாகச் சேவகம் செய்தவர்.

“ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லியாமே?”

“ஆமா முசியே. ஒண்ணும் இல்லாம இருக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்.”

“நானும் பட்டாளத்துல, ரெஜிமான் டீம்ல மண்டையில அடிபட்டு முழு ஆட்டமும் ஆடியிருக்கேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?”

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. பெரியவர் என்று விழுங்கிக்கொண்டேன்.

“டீமுக்கு முன்னாடி தணிகாசலத்துகிட்ட மன்னிப்புக் கேளு. இதோட விட்டுடலாம். கேக்கலன்னா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்.”

“வரல” என்றேன். “ஆனா ஒண்ணு முசியே. நாளைக்கே அப்படி ஒருத்தி அடிபட்டு நின்னாலும் அதேதான் செய்வேன். பூட்ஸப் பூட்டுவேன். நீங்க வேணும்னா ஸ்கூட்டரக் கொளுத்திக்குங்க.”

வெளியே வந்த பிறகும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. வின்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். பாரீசுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்றான். போனை வைத்துவிட்டேன்.

என் ஐஸ் பெட்டி மட்டும் கல்லூரியிலேயே கிடந்தது. என் சொந்தப் பெட்டியை அவர்களுக்கு விட்டுக்கொடுக்க நான் என்ன தர்மப்பிரபுவா? போகலாம் போகலாம் என்று நாள் கடத்திவிட்டு, சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் எடுத்துவரப் போனேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சரிதாவும் ஆடத் திரும்பியிருந்தாள். நான் கேட்டுக்கு வெளியிலேயே ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

அப்போதுதான் கோல்கீப்பர் சுமலதா பந்துக்குப் பாய்ந்து கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டாள். தணிகாசலம் சார் ஸ்ப்ரேயை ஆட்டிக்கொண்டே ஓடினார். “ஒண்ணுமில்ல, எழுந்திரு, எழுந்திரு!”

அவருக்கு முன்னால் சரிதா போய்ச் சேர்ந்துவிட்டாள். மண்டியிட்டு, சுமலதாவின் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“கடல் எந்தப் பக்கம்டி?”

“எனக்கு நம்மூரு மேட்டுப்பாளையம், யக்கா. கம்பெனிங்களுக்கு நடுவுல நான் கடல எங்க கண்டேன்?” என்றாள் சுமலதா. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

சரிதா சிரிக்கவில்லை. “சரி, உங்கம்மா வேல செய்யற கம்பெனி எந்தப் பக்கம்?”

சுமலதா கையைத் தூக்கினாள். ஒரு பக்கம் நீட்டினாள், மடக்கினாள், வேறு பக்கம் நீட்டினாள். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டுச் சரிதாவையே பார்த்தாள். சிரிப்பு நின்றது.

சரிதா சுமலதாவின் இடது கால் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“ஏய், என்னாடி பண்ற? குடு அத!” என்றார் சார்.

“தர மாட்டேன், சார்.” எழுந்து நின்று, பூட்ஸை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளுக்கு முன்னால் நின்றார்கள். அப்போது அவள் திரும்பினாள். கேட்டருகில் என்னைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே பூட்ஸை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“டிக்கியத் தொற, யக்கா” என்றாள்.

திறந்தேன்.