சரிகை செய்த குளறுபடி

கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் தரும் அந்த யந்திரம் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அதைத் துடைத்துக் காப்பவன் நான்தான், லேப் அட்டெண்டர் துரைக்கண்ணு.

அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். வத்ஸலா டீச்சர் இன்ஸ்பெக்டர் முன்னால் சோதனை காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்துப்போனால் ஜூனிலிருந்து பத்தாம் வகுப்பில் பௌதிகப் பிரிவு. இல்லாவிட்டால் எல்லாப் பெண்களுக்கும் சமையலும் தையலும்தான். என் மகள் கிருஷ்ணவேணி ஒன்பதாவது. பௌதிகம் இல்லையென்றால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றாள். பிடிவாதம் என்னுடையது, யாரைக் குறை சொல்ல?

கண்ணாடித் தட்டில் விளக்கெண்ணெய், அதில் ஒரு சிட்டிகை ரவை, எண்ணெயில் முனை மூழ்க, யந்திரத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகள். கம்பிகளை இரும்பு ஸ்டாண்டிலிருந்து பட்டு நூலில் தொங்கவிடச் சொல்லி டீச்சர் நூலும் கொடுத்தார். பட்டு, மின்சாரத்தை ஸ்டாண்டுக்குப் போகவிடாதாம். வருகிறவர் பெரிய அதிகாரி. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு வெறும் நூலையா காட்டுவது? பக்கத்துத் தறியில் சரிகை நூல் வாங்கிப் பளபளவென்று கட்டினேன்.

கிருஷ்ணவேணி சுற்றினாள். ரவை அசையவில்லை. வேகமாகச் சுற்றினாள். ம்ஹூம். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் யந்திரத்தை ஓங்கி அறைந்திருப்பேன். அப்போதுதான் ஸ்டாண்டில், முடிச்சுப் பக்கம், சட் சட்டென்று சத்தம் கேட்டது. அட மடையா, சரிகை என்பது வெள்ளிக் கம்பியல்லவா! மின்சாரமெல்லாம் அதன் வழியாக ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு என்னுதுதாம்மா. மரியாதைக்குன்னு சரிகை கட்டிட்டேன்" என்று சொல்லி அதை அறுத்தெறிந்தேன். டீச்சர் கொடுத்த நூல் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைக் கட்டினேன்.

மறுபடி சுற்றினாள். ரவை சிலிர்த்துக்கொண்டது. ஒவ்வொரு மணியும் திரும்பி, ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்கு வளைந்து வளைந்து கோடு கோடாக நின்றது. அதுவரை கண்ணுக்கே தெரியாத விசை! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெண்கள் மேசைமேல் ஏறாத குறை. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

இந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளுமா என்று கேட்டார். டீச்சர் வாய் திறக்குமுன் என் மகள் முந்திக்கொண்டாள்.

"வெட்டாதுங்க சார். வெட்டுற எடத்துல இருக்குற ரவை எந்தப் பக்கம் திரும்பும்? ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் திரும்ப முடியாதே."

அவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார். எந்த வகுப்பு என்று கேட்டார். ஒன்பது என்று நான் சொன்னேன். என் பெண் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அடுத்த வருஷம் என்ன படிக்கப்போறா?"

"அத நீங்கதான் சொல்லணும்ங்க."

அவர் பேனாவைத் திறந்து, ஜூன் முதல் பௌதிகப் பிரிவு தொடங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. அவரோ கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு என் மகளிடம் போனார்.

"நான் ஒரு வாட்டி சுத்திப் பாக்கட்டுமாம்மா?"