சமையலறைக் கிடங்கின் மேற்பார்வையாளர்

என் வீட்டுக்காரரின் பயோடேட்டாவை முதன்முதலாகப் படித்த அன்றே, இந்த மனிதருக்கு ஏன் யாரும் வேலை தரவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. முதல் வரியில் அவருடைய அப்பா பெயர். அடுத்த வரியில் ரத்த வகை. அதற்குக் கீழே உயரம். ஒரு பெரிய கிடங்கைப் பல வருடம் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் என்ற விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில், 'பொழுதுபோக்கு: நடைப்பயிற்சி' என்பதற்கு மேலே ஒண்டிக்கொண்டிருந்தது.

"ரத்த வகை எதுக்குங்க?"

"கேட்டா சொல்லணுமில்ல?"

"யாரு கேட்டாங்க? வேலைக்குப் போறீங்களா, ஆபரேஷனுக்குப் போறீங்களா?"

அவர் வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து இதே இரண்டு பக்கத்தைத்தான் பெயின்ட் கம்பெனி, டயர் கம்பெனி என்று வித்தியாசம் பார்க்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு கடிதம் வேறு. 'தங்கள் நிறுவனத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வேலை கொடுத்தால் தெரிந்துகொள்வேன்.' படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கிடங்கு போன வருத்தத்தை என் சமையலறை மேல் காட்டினார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு எண் வந்தது. முதலில் வாங்கியது முன்னால், பின்னால் வாங்கியது பின்னால். "சர்க்கரை எங்கங்க?" என்று கேட்டால், "பி வரிசை, மூணாவது" என்று ஹாலிலிருந்து பதில் வரும். புது சோப்பு எடுத்தால் அவரிடம் சொல்ல வேண்டும். எங்கள் மகள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அம்மா, அப்பாவுக்குச் சீக்கிரம் எங்கயாவது வேலை பாரும்மா" என்று என் காதில் கெஞ்சினாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே, அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. பழைய நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் போனால் ஆளே உடைந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு மருந்து கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. கிடங்கு மேலாளர் தேவை. நான் விளம்பரத்தை ஒரு பக்கமும் அவருடைய இரண்டு பக்கத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய சட்டையை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைப்பதில்லையா, அந்த வேலைதான். ரத்த வகையை வெட்டினேன். உயரத்தை வெட்டினேன். கிடங்கைத் தூக்கி முதல் வரியில் வைத்தேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பொய் எழுதக் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் என்ன ஆதாரம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர்னு போட்டிருக்க. யாரு பாத்தா?"

"நேத்து நான் அரை மணி நேரம் கத்துனேனே, திருப்பி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

யோசித்தார். "சரி, இருக்கட்டும்."

கடிதத்தையும் புதிதாக எழுதினேன். அந்தக் கம்பெனியைப் பற்றித் தேடிப் படித்து, மருந்தைச் சரியான குளிர்ச்சியில் வைப்பது ஏன் முக்கியம் என்று அவரையே சொல்லச் சொல்லி, சொன்னதை அப்படியே இறக்கினேன். அந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது மனிதர் முகத்தில் அத்தனை மாதம் காணாமல் போயிருந்த களை வந்தது.

மிஞ்சியது இந்த ஏழெட்டு மாத வெற்றிடம். அதற்கு நான் எழுதியது இது: 'சிறிய தனியார் அமைப்பு ஒன்றின் கிடங்கை முழுமையாகச் சீரமைத்தார். காலாவதியாகி வீணாகும் பொருள்களைப் பாதியாகக் குறைத்தார். விவரங்களுக்கு மேற்பார்வையாளரைத் தொடர்புகொள்ளவும்.' கீழே என்னுடைய போன் நம்பர்.

"இது பொய்," என்றார்.

"எந்த வார்த்தை பொய்? விரலை வச்சுக் காட்டுங்க."

திரும்பத் திரும்பப் படித்தார். விரல் எங்கேயும் இறங்கவில்லை. "நீ மேற்பார்வையாளரா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்ன, நீங்களா?"

பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவரிடம், "அந்தக் கடைசி வேலையப் பத்திக் கேட்டாங்களா?" என்று துருவினேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்றார். நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்லியிருப்பார் என்று நம்பி நிம்மதியாக இருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில் வீட்டில் பெரிய ரகளை. பாதிகூடத் தீராத என்னுடைய முகக் க்ரீமைக் காலாவதியாகிவிட்டது என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். விலை உயர்ந்த க்ரீம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பினேன். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறேன். உள்ளே யாருக்கோ டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மருந்து கம்பெனியிலேருந்து பேசறோம். மேற்பார்வையாளர்ங்களா?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரிய ஆபீஸ் குரல் ஒன்றை எடுத்துவிட்டேன். "ஆமா, சொல்லுங்க. எங்க ஸ்டாஃப் யாரைப் பத்தியாவது கேக்கணுமா?"

அந்தப் பெண் வரிசையாகக் கேட்டாள். நேரம் தவறாதவர், லீவே போடாதவர், ஒரு பொருள்கூடக் காணாமல் போனதில்லை என்று அளந்துவிட்டேன். அத்தனையும் உண்மைதான்.

"அவர்கிட்ட குறைன்னு ஏதாவது?"

அங்கேதான் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. க்ரீம் கண்முன்னால் வந்து நின்றது. "ஏன் இல்லாம? தேதி ஒரு நாள் தாண்டிருச்சுன்னா போதும், தூக்கிப் போட்டுருவார். யார் பொருள், என்ன விலை, எதுவும் பாக்க மாட்டார். கெஞ்சினாலும் கேக்க மாட்டார்."

"மேலதிகாரி சொன்னாலுமா?"

"நான் சொல்லியே கேக்கலையே!"

சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. கிடைக்கவிருந்த வேலையைக் காலால் எட்டி உதைத்துவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்துவிட்டாள்.

"மருந்துக் கிடங்குக்கு இந்தக் குறை இருக்கற ஆளைத்தாங்க தேடிக்கிட்டிருந்தோம். இன்னொண்ணு, மேடம். அந்த அமைப்பு எங்க வீட்டுச் சமையலறைதான், மேற்பார்வையாளர் என் மனைவிதான்னு அவரே இன்டர்வியூல சொல்லிட்டார்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. இவ்வளவு நேரம் நான் போட்ட ஆபீஸ் குரல் எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் தவித்தது. அந்த மனிதர் மேல் வந்த கோபம், பெருமை இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"தெரிஞ்சுக்கிட்டேவா இவ்ளோ கேட்டீங்க?"

"எல்லார் விஷயத்துலயும் கேட்டுத்தான் ஆகணும். கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதே வேலைக்கு அவர் திரும்பி வந்தா எடுத்துக்குவீங்களா?"



"மாட்டேங்க," என்றேன். "நிச்சயமா மாட்டேன். அவருக்கு எங்க சமையலறை பத்தாதுங்க. நீங்களே வச்சுக்கோங்க."

அந்தப் பக்கம் மறுபடியும் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, "திங்கக்கிழமை காலைல வரச் சொல்லுங்க" என்றாள்.

"சரிங்க," என்றேன். "சாயங்காலம் மட்டும் திருப்பி அனுப்பிடுங்க."