வெட்டுத்துணி மூட்டை

ஆற்றுப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நான்காம் நாள், கடைகளில் அரிசி தீர்ந்தது. குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளும் கையிருப்பை எல்லாம் கீழே கொண்டுவந்து ஒரே அடுப்பில் சமைத்துப் பகிர்ந்துகொள்வது என்று முடிவானது. பொறுப்பு கீழ்வீட்டு நர்ஸம்மாவுக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள், தையலக்காவும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொடுக்கக் கை வரவில்லை. எட்டு கிலோ இருந்தது. ஐந்தைப் பையில் கொட்டினாள். மூன்றைத் தையல் மேசைக்கடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டைக்குள் திணித்தாள். தனக்கு மிஞ்சித்தானே தானம்? மற்றவர்கள் மட்டும் அரிச்சந்திரனா என்ன?

கீழே அவள் கண் அடுத்தவர் பைகளிலேயே மேய்ந்தது. எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் கொண்டுவந்தது இரண்டே கிலோ. அவ்வளவுதான் இருக்கு என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு கிலோவா? யார் காதில் பூ சுற்றுகிறான்?

மறுநாள் மதியம் அவன் வீட்டிலிருந்து குக்கர் விசில் கேட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கதவைத் தட்டி, ஊருக்கு ஒரு அடுப்பு, உனக்கு ஒரு அடுப்பா என்று கேட்டேவிட்டாள். அவன் வழிவிட்டான். அடுப்படியில் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஆவியை வெளியே விட்டுக் குக்கரைத் திறந்து காட்டினான். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவின் புண்ணுக்குக் கட்டும் துணி வெந்துகொண்டிருந்தது.

"புதுத்துணி தீர்ந்துபோச்சுக்கா. இதையே திரும்பத் திரும்ப வேகவெக்கிறேன்," என்றான். பிறகு, "கட்டிலுக்கடியிலயும் பாத்துடுங்க."

அவள் வீட்டைக் காட்டச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திரும்பிவந்து, அவனுக்குக் கொடுக்க நல்ல பருத்தித்துணியாகத் தேடி மூட்டையை அவிழ்த்தாள். அரிசிப்பை கையில் தட்டுப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

"இது எங்கேருந்துக்கா?" என்றாள் நர்ஸம்மா.

"எங்கிட்டதான் இருந்துச்சு. ஒளிச்சு வெச்சிருந்தேன்."

நர்ஸம்மா அதை வாங்கிப் பொது அரிசியோடு கொட்டினாள். சாயங்காலத்துக்குள் அடுப்போரம் இன்னும் இரண்டு பைகள் முளைத்திருந்தன. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். படகு வரும்வரை, மூன்று நாள், சோறு தாங்கியது.

துணியை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டான். நன்றியும் சொன்னான். அவள் திரும்புவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.