ஐ திங்க் சேர்க்காத பதில்

ரேணுகா இங்கிலீஷ் படிக்கத் தொடங்கியதற்கு ஒரே காரணம்தான். மரக்காணம் உப்பளத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த பாத்திகளுக்கு வெளியாள் யார் வந்தாலும் புரோக்கர் கார்த்திகேசன்தான் பேசுவார். அவர் என்ன சொன்னார் என்பது உப்பு வாரியவர்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை நானே பேசுகிறேன் என்று குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

ஆறு மாதம் ஃபோனில் வகுப்பு. பட்டென்று பேசினால் சண்டைக்கு வருவதுபோல் இருக்கும், முன்னால் 'ஐ திங்க்' சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொன்னார். ரேணுகா எல்லாவற்றிலும் சேர்த்தாள். ஐ திங்க் என் பெயர் ரேணுகா. ஐ திங்க் எனக்கு இரண்டு பிள்ளைகள்.

பக்கத்துப் பாத்தியில் நின்ற ஜெயா விடவில்லை. "ஏன்டி, பெத்ததுலயுமா உனக்கு டவுட்டு?"

வைகாசியில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். நான்கு ஓட்டல்களுக்குச் சரக்கு வாங்குகிறவர். குவியலில் ஒரு பிடி அள்ளி விரலில் தேய்த்தார். இதில் மண் இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டார்.

ரேணுகாவுக்கு 'ஐ திங்க்' நாக்கு நுனிவரை வந்தது. விடிவதற்கு முன்னால் இறங்கி, அடிச்சேறு கலங்காமல் மேலாக வாரிய உப்பு. குதிகால் வெடிப்பில் இன்னும் எரிச்சல் போகவில்லை. இதில் நினைப்பதற்கு என்ன இருக்கிறது?

"நோ சேண்ட்," என்றாள். "ஐ டேக். மை ஹேண்ட்."

வெள்ளைக்காரம்மா தலையசைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து டன் கிடைக்குமா என்று கேட்டார். கிளியனூர் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை விழுந்தால் பாத்தியில் இருப்பது கரைந்துவிடும்.

"யெஸ்னு சொல்லும்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்று பின்னாலிருந்து கார்த்திகேசன் முணுமுணுத்தார்.

"மேபி," என்றாள் ரேணுகா. "ரெயின் கம், நோ சால்ட்."

கார்த்திகேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரம்மாவும் அந்த வானத்தைத்தான் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து நம்பர் கேட்டார். கார்த்திகேசன் வேகமாகத் தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைக்காரம்மா அதைக் கேட்காமல் ஃபோனை ரேணுகாவிடம் நீட்டினார். மழை வந்தாலும் வராவிட்டாலும் வியாழன் சாயங்காலம் கூப்பிடுகிறேன், எவ்வளவு தேறும் என்று நீயே சொல்லு என்றார்.

உப்பு பூத்த விரலைப் புடவையில் துடைத்துவிட்டு ரேணுகா பத்து எண்களையும் அழுத்தினாள். கார் கிளம்பியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னாடி சொல்லுது அது?" என்றாள் ஜெயா.

"இனிமே எங்கிட்டதான் பேசுவாங்களாம்."

கார்த்திகேசன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னாள்.