கூப்பிட்டால் கேட்காத ஹெட்போன்

கடையில் முதல் ஹெட்போனை அவள் தலையில் மாட்டியதுமே, அவள் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போய் நின்று "இந்தா, கேக்குதா?" என்று கூப்பிட்டுப் பார்த்தார். கேட்டது. நன்றாகவே கேட்டது. அவள் தலையாட்டியதும் அவருக்கு முகமெல்லாம் பல். இதுவே போதும், பில் போடச் சொல்லிவிடலாம் என்று பர்ஸுக்குக் கை போய்விட்டது. பாட்டு எப்படி இருக்கிறது, சத்தம் தெளிவாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெட்போன் வாங்க வந்த இடத்தில் அவர் சோதித்துப் பார்த்தது தன் குரலை.

அவளைத் தெருவில் 'ஹலோ அக்கா' என்பார்கள். பழுதான ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போனில் புகார் வாங்குகிற வேலை. அங்கே கொடுக்கிற ஹெட்செட்டுக்கு ஒரே ஒரு காதுதான். வலது காது, தண்ணீர் ஒழுகுகிறது என்று கத்துகிறவர்களுக்கு. சும்மா இருக்கிற இடது காது, பின்னாலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுகிற சூப்பர்வைசருக்கு. வீட்டுக்கு வந்தால் இரண்டு காதும் வீட்டுக்கு. துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, கத்தரிக்கோலை எங்கே வைத்தாய்? துண்டு என்னவோ கல்யாணமான நாளிலிருந்து ஒரே கொக்கியில்தான் தொங்குகிறது. மனிதர் கெட்டவர் இல்லை, பாவம். தேடினால் எழுந்திருக்க வேண்டும், கேட்டால் பதில் தானாக வருகிறது. யாராக இருந்தாலும் கேட்கத்தானே செய்வார்கள்.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போனபோது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில் சீட்டாட்டம். பிறகு துப்பாக்கி விளையாட்டு. ஐம்பதைத் தாண்டியவள் ஒரு தீவில் குதித்து, கண்ணில் பட்டவனையெல்லாம் சுட்டுத்தள்ளுகிறாள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் அந்தப் பழைய ஸ்பீக்கர். இடது பக்கம் வருகிறவனின் காலடியும் வலது பக்கம் வருகிறவனின் காலடியும் அதில் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல ஒலிக்கும். எந்தப் பக்கம் என்று யோசிப்பதற்குள் ஆள் காலி. சினிமா பார்த்தாலும் அதே கதை. ஒருத்தி ரகசியம் சொல்கிற நேரம் பார்த்துத்தான் இவருக்கு நகவெட்டி தேவைப்படும். கடைசியாக ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

கடைக்காரர் அடுத்து எடுத்து வைத்தது சிவப்பும் நீலமுமாக மினுக்கியது. கேம் ஆடுகிறவர்கள் இதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்களாம். தன் விளையாட்டின் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து போனில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைப் போடச் சொன்னாள். குண்டு வெடித்தது, மண்டைக்குள் இடி இறங்கியது. ஆனால் காலடிச் சத்தம் அந்த இடியில் காணாமல் போயிருந்தது. பாட்டைப் போட்டால் பாடுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். இந்த விலையில் மூன்றும் சரியாக அமையாது மேடம், கேமா, சினிமாவா, பாட்டா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடு என்று எத்தனை பேர்தான் சொல்வார்கள்!

"மூணும் வேணும் தம்பி. விளக்கு வேணாம், வயர் இருந்தாலும் பரவால்ல. காதை முழுசா மூடறதா ஒண்ணு காட்டுங்க."

அவர் அடித்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். பார்க்க ஒன்றுமே இல்லை. மாட்டினாள். கடையின் மின்விசிறிச் சத்தம் நின்றது, தெருவின் ஹாரன் நின்றது. இடது காதுக்குப் பின்னால் சரளைக் கல்லில் ஒருவன் நடந்தான். அவளையறியாமல் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. சினிமாத் துண்டு ஒன்றில் ஒரு பெண் கிசுகிசுத்தாள், ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. பாட்டில் வயலின் நுழைந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்தபோது எதிரே கண்ணாடி அலமாரியில் வீட்டுக்காரர் தெரிந்தார். பின்னால் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பாட்டு முடியும்வரை அவள் கழற்றவில்லை.

"எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா? கேட்டுச்சா?"

கேட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் சண்டையில்லாமல் வீடு போய்ச் சேரலாம். நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷம் இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே காலத்தை ஓட்டினோம் என்று தோன்றியதும் விழுங்கிவிட்டாள்.

"கேக்கல. இதையே பில் போடுங்க, தம்பி."

"வீட்ல ஒரு அவசரம்னா என்ன பண்றது?"

"எழுந்து வந்து தோளைத் தொடுங்க. பகல் பூரா ஊரே கூப்பிடுது, ஏன்னு கேக்கறேன்ல? சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இந்தக் காது ரெண்டும் எனக்கு."

வழியெல்லாம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவளும் சமாதானப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் ஹாலில் சோபாவில் சாய்ந்தார். இவள் மகனின் அறைக்குப் போய் வயரைச் செருகி, தீவில் குதித்தாள். புல் மிதிபடுகிற சத்தம், தூரத்தில் அலை. இன்றைக்கு இன்னும் உயிரோடிருந்தாள்.

அப்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தது. போன். திரையில் வீட்டுக்காரரின் படம், கல்யாண வீடு ஒன்றில் எடுத்தது, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சோபாவுக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்தது. விழப்போகிற நேரத்தில் இடது கையால் அதைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சிரிக்கிற முகம் மேசையில் படும்படி கவிழ்த்து வைத்துவிட்டு, கையை மறுபடி கீபோர்டுக்குக் கொண்டுபோனாள். விரலடியில் மேசை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.