வளர்ந்துகொண்டே போன மாக்கல் குழந்தை

உலாயு செதுக்குகிற குழந்தை வருடாவருடம் வளர்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் மருத்துவச்சி அலாசி. பனிக்கடலோர முகாமின் கூடாரங்களில் எது கொதிக்கிறது என்று மோந்தே சொல்பவளுக்கு இது பெரிய வேலையில்லை.

முதல் சிலையில், பிள்ளை சுமக்கத் தாயின் அங்கியில் தைத்த முதுகுப்பையிலிருந்து ஒரு மூக்கும் இரண்டு கன்னமும் மட்டும் எட்டிப் பார்த்தன. அடுத்ததில் தோள்வரை வந்துவிட்டது. இப்போது அரத்தால் ராவிக்கொண்டிருக்கும் மாக்கல்லில் பிள்ளையின் கால் தாயின் இடுப்புக்குக் கீழே தொங்கியது. தாயோ எதிர்காற்றில் நடப்பவளைப் போலக் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை ரொம்பப் பெருசு. அம்மா சின்னவ. தெற்கே யாரும் வாங்க மாட்டாங்க" என்றார் சிலைகளை வாங்கித் தெற்கே விற்கிற கடைக்காரர்.

"வாங்கறவங்க தூக்கிட்டா நடக்கப்போறாங்க?" என்றாள் உலாயு.

உலாயுவின் மகளை நெஞ்சுச்சளிக்காக ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது மூன்று கோடைக்கு முன்னால். அப்போது வயது இரண்டு. உலாயுவின் செத்துப்போன தகப்பன் கலிங்கோவின் பெயர்தான் அவளுக்கும். பெயரோடு ஆளும் திரும்பி வந்ததாகத்தான் இங்கே கணக்கு. அதனால் பெற்றவளே மகளை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். "அப்பா, சட்டியில கைய விடாதீங்க" என்று அந்தப் பொடிசை மரியாதையாக அதட்டுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். கப்பல் போனபின் ஒரு தகவலும் இல்லை. உலாயுதான் கல்லில் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சியாசியின் கனவால் கெட்டது. நிறைமாதக்காரி சியாசி ஒரு காலையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. உங்க கலிங்கோ பாப்பா எங்க வாசல்ல நின்னு தண்ணி கேட்டா."

செத்தவர்கள் பிறக்கப்போகும் பிள்ளையாகத் திரும்பி வர நினைத்தால் அதன் தாயின் கனவில் தண்ணீர் கேட்பார்கள். இங்கே அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"ராத்திரி சீல் கொழுப்ப அளவில்லாம தின்னிருப்ப. உனக்குத்தான் தாகம்" என்றாள் உலாயு. அரத்தை நிறுத்தவில்லை.

நான்கு நாளில் சியாசிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்ததிலிருந்து அழுதது. முலையைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தனக்குரிய பெயர் கிடைக்காத பிள்ளை அப்படித்தான் செய்யும். அலாசி அதன் காதில் முகாமின் செத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முங்கிப்போன மாமன், பசியில் போன கிழவி, வாயாடி என்று யாருக்கும் பிடிக்காத ஒரு சித்தப்பன்கூட. பிள்ளை யாரையும் ஏற்கவில்லை. கலிங்கோ என்று சொல்ல மட்டும் யாருக்கும் துணிவில்லை. அந்தப் பெயரைக் கலிங்கோவைப் பெற்றவள்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் அழுகை பூனைக்குட்டியின் முனகலாகத் தேய்ந்தது. உதடு நீலம் பாய்ந்தது. அலாசி போய் உலாயுவின் கூடாரத்தில் உட்கார்ந்தாள்.

"கல்லுக்கு மூக்கு ராவிட்டே இருடி. அங்க ஒரு மூக்கு மூச்சு விட முடியாம கெடக்கு."

"என் பொண்ணு சாகல."

"யாரு சொன்னா செத்தான்னு? சும்மா கூப்பிட்டுப் பாரு. அவ உசிரோட இருந்தா அந்தப் பய அழுகைய நிறுத்த மாட்டான்."

உலாயு மாக்கல் தூளை அங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

சியாசியின் கூடாரத்தில் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தப் பிள்ளை வாயை மூடிவிட வேண்டுமே என்று அத்தனை பேரும் வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் அது தொடர்ந்து அழ வேண்டும் என்று வேண்டினாள். அது தப்பென்று அவளுக்கும் தெரியும்.

உலாயு விரலைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள்.

"கலிங்கோ" என்றாள்.

பிள்ளை முனகியது. அவள் காத்திருந்தாள். முனகல் நிற்கவில்லை. உலாயுவின் முகத்தில் ஏதோ ஒளி வந்ததாக அலாசி பிறகு எல்லாக் கூடாரத்திலும் சொன்னாள். அத்தோடு அவள் எழுந்து போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நீல உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மெதுவாக, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"அப்பா."

பிள்ளை நிறுத்தியது. விரலைச் சப்பத் தொடங்கியது.

பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தியும் உலாயுவைப் பார்க்கவில்லை. அவள் விரலை மெல்ல உருவிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிச் சியாசியின் மடியில் வைத்தாள்.

"என்னடி பாத்துட்டு இருக்க? எங்கப்பாவுக்குப் பசிக்குது. குடு."