மோசமான கார் ஒன்று தேவை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திரேசா பக்கத்து வீட்டு ரஞ்சித்குமாரின் பழைய கேம்ரியில் ஏறி உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டாள். பத்தாவது நொடியில் நிறுத்தினாள்.

"தம்பி, இந்தக் காருக்கு என்ன செய்தனீங்கள்?"

ரஞ்சித்குமார் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சர்ப்ரைஸ்ங்க அக்கா. நேத்து நாலு ஸ்பீக்கரையும் மாத்திட்டேன். எட்டு வருஷமா நீங்க இந்த டப்பாவுல உக்காந்து கேக்கறதப் பாத்து எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. எவ்வளவு பெரிய ஆள் நீங்க. இப்பக் கேளுங்க, கான்சர்ட் மாதிரி இருக்கும்."

"கான்சர்ட் மாதிரித்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை." திரேசா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பழசு எங்கை?"

"கடையிலயே குடுத்துட்டேன். இன்னிக்கு லீவு." அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏங்க்கா, தப்புப் பண்ணிட்டேனா?"

தப்புத்தான். ஆனால் அவ்வளவு அன்போடு செய்த தப்புக்கு எப்படித் திட்டுவது?

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அந்தத் தெருவில் இருந்தவர்களுக்குத் திரேசா என்றால் ஐம்பத்தொரு வயது ஆன்ட்டி, கராஜில் ஏதோ மியூசிக் பண்ணுகிறார், அவ்வளவுதான். நைஜீரியாவிலும் கானாவிலும் அவள் பெயர் தெரியாத பாடகர்கள் இல்லை. அப்பா யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார். வேலை கிடைத்து நைஜீரியாவின் இபதான் நகரத்துக்குப் போனவர். அங்கே பள்ளிக்கூடக் கோரஸிலும் மினிபஸ் நெரிசலிலும் வளர்ந்த பெண் திரேசா. ஹூஸ்டனுக்கு வந்த பிறகு நைஜீரியப் பாட்டுகளுக்கு இசை அமைக்க ஆரம்பித்தாள். இருபது வருஷம். தாளம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு இரும்பு மணியோடு பாட்டு தொடங்குவது அவள் கொண்டுவந்த வழக்கம். இன்று லாகோஸில் பாதிப் பாட்டு அப்படித்தான் தொடங்குகிறது.

அதுவே அவளுக்கு வினையாகவும் வந்து நின்றது. டெமிலாடே என்ற பெரிய பாடகியின் புது ஆல்பத்தில் பத்துப் பாட்டு. அதை வெளியிடும் கம்பெனியின் புது மேனேஜர் ஓபின்னா போன மாதம் போனில் மரியாதையாகவே சொன்னார்: "மேடம், உங்க சத்தம் இப்ப எல்லார்கிட்டயும் இருக்கு. அதுக்காக ஹூஸ்டன் வரைக்கும் வரணுமான்னு இங்க கேக்கறாங்க." ஒரு போட்டி வைத்தார். ஒரே பாட்டு. லாகோஸ் ஆட்கள் இருவர் ஒரு வடிவம் செய்வார்கள், திரேசா ஒன்று. யார் செய்தது என்று சொல்லாமல் ஆபீஸில் இரண்டையும் போட்டுக் கேட்பார்கள். ஜெயித்தவருக்கு ஆல்பம் முழுவதும். தோற்றால் இருபது வருஷம் அவள் கட்டிய வீட்டில் அவளுக்கே அறை கிடையாது.

கேட்கும் நேரம் இன்று லாகோஸில் மாலை ஏழு. பேர்லேண்டில் அது மதியம் ஒரு மணி.

"இந்த டப்பாவுல அப்படி என்னதாங்க்கா இருந்துச்சு?" என்றான் ரஞ்சித்குமார்.

"லாகோஸிலை புதுப்பாட்டை சனம் முதல்ல எங்கை கேக்கும் தெரியுமோ? மினிபஸ்ஸிலை. ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கிழிஞ்சது. அதிலை தப்பினாத்தான் பாட்டு. என்ர ஸ்டூடியோவிலை எல்லாமே அழகாக் கேக்கும். உங்கட கார்தான் எனக்கு உண்மை சொல்லும்."

"சாஃப்ட்வேர்ல மோசமாக் கேக்க வைக்க முடியாதுங்களா? நான் வேணா எழுதித் தரேன்."

"சாஃப்ட்வேர் நான் சொன்ன இடத்திலைதான் பிழை விடும். கார் நான் நினைக்காத இடத்திலை விடும்."

ரஞ்சித்குமார் அரை நிமிடம் யோசித்தான். பிறகு மனைவிக்குப் போன் போட்டான். வள்ளி காலையிலேயே மீனாட்சி கோயில் சமையலறைக்கு உதவப் போயிருந்தாள்.

"வள்ளி, நம்ம ஆளுங்கள்ல ரொம்ப மட்டமான கார் யார்கிட்ட இருக்கு?"

"நம்மகிட்டதான்."

"அது நேத்திலிருந்து நல்லாயிடுச்சு. வேற?"

"அங்க உக்காந்து என்னைக் கேட்டா? இங்க பார்க்கிங்ல இருநூறு கார் நிக்குது. வந்து பாருங்க."

பத்தே முக்காலுக்குக் கோயில் வாகன நிறுத்தத்தில் இறங்கினார்கள். திரேசா கையில் லேப்டாப். வெயிலில் வண்டிகள் வரிசை வரிசையாக மின்னின. பாதி எலெக்ட்ரிக். மீதிப் பாதி போன வருஷம் வாங்கியவை. வள்ளி ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து சேர்ந்தாள்.

முதலில் மாட்டியவர் சபரிநாதன், ரஞ்சித்குமாரின் ஆபீஸ் நண்பர்.

"சபரி, ஒரு ஹெல்ப். உங்க கார் ஸ்பீக்கர் ஏதாவது கிழிஞ்சிருக்கா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. மோசமான கார் ஒண்ணு தேடறோம்."

"என் வண்டியப் பாத்தா உனக்கு அப்படித் தோணுதா? பதினெட்டு ஸ்பீக்கர்டா. ஏறு, ஏறிக் கேளு." அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கேட்காமல் விடமாட்டார் போலிருந்தது. திரேசா ஒரு நிமிடம் உள்ளே உட்கார்ந்து, "நல்ல வடிவாக் கேக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

அடுத்த முக்கால் மணி நேரமும் இதே கதைதான். மோசமான கார் என்று கேட்டதும் எல்லோரும் நல்ல காரைக் காட்டினார்கள். ஒருத்தி மட்டும், "எங்க நாத்தனார் வண்டி ஓட்டை உடைசல்தான்" என்றாள். நாத்தனார் பின்னாலேயே நின்றிருந்தார். அந்தக் குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு மூவரும் வேறு வரிசைக்கு நகர்ந்தார்கள்.

மணி பதினொன்று நாற்பது.

"அக்கா, இப்ப இருக்கறதையே அனுப்பிடலாமே" என்றான் ரஞ்சித்குமார். "ஸ்டூடியோவுல நல்லாத்தான இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"லாகோஸ் பெடியளும் அதைத்தான் அனுப்புவினம். நான் அனுப்பேலாது."

அப்போதுதான் டாக்டர் மணியனும் அவர் மனைவி வான்மதியும் படி இறங்கி வந்தார்கள். மணியன் இதய டாக்டர். ஹூஸ்டனில் பாதித் தமிழர்களின் நெஞ்சில் அவர் கை பட்டிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் வான்மதி, "எங்க பென்ஸ்ல கேளுங்க திரேசா, உங்களுக்கில்லாததா" என்றார். மணியன் வானத்தைப் பார்த்தார்.

வள்ளி அவரையே பார்த்தாள். "அங்கிள், ஆன்ட்டி பென்ஸ்ல வந்தாங்க. நீங்க எதுல வந்தீங்க?"

"வள்ளி, அது இப்ப எதுக்கு" என்றார் வான்மதி.

"நான் என் வண்டியில வந்தேன்" என்றார் மணியன்.

"எங்க நிக்குது?"

"சமையலறைக்குப் பின்னாடி. இவ அங்கதான் நிறுத்தச் சொல்லுவா."

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அது நின்றது. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து கொரோலா. ஒரு கதவு வேறு நிறம். கண்ணாடியை டேப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ரெசிடென்சி டிரெய்னிங் பண்ணும்போது வாங்கினது" என்றார் மணியன். "ஸ்டார்ட் ஆகுது. பிரேக் போட்டா நிக்குது. ஒரு காருக்கு வேற என்ன வேணும்?"

"ஹாஸ்பிட்டல் பார்க்கிங்ல செக்யூரிட்டி இவரை ரெண்டு தடவை மடக்கியிருக்கான்" என்றார் வான்மதி. "நான் ஆறு வருஷமா இதுல ஏறல."

"ஸ்பீக்கர்?" என்றாள் திரேசா.

"நாலுல மூணு செத்துப்போச்சு. மிச்சம் ஒண்ணு, பின்னாடி இடது பக்கம். அதுவும் இருமும்."

திரேசா ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தாள்.

கேசட் போடும் இடம் மட்டும்தான் இருந்தது. லேப்டாப்பை மாட்ட, ஒயர் வைத்த கேசட் ஒன்றை டாக்டர் டாஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாட்டு தொடங்கியது. மணி ஒலித்தது, துருப்பிடித்த மாதிரி, ஆனால் தெளிவாக. முரசுகள் வந்தன, ஸ்பீக்கர் இருமியது, சமாளித்துக்கொண்டது. டெமிலாடேயின் குரல் வந்தது. நீண்ட பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒரு பெண், வீட்டில் காத்திருப்பவர்களுக்கு, 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று பாடும் பாட்டு. பல்லவி வந்ததும் அந்த 'வந்துட்டேன்' காணாமல் போனது. வெறும் உறுமல்தான் கேட்டது.

திரேசா மறுபடி போட்டாள். மறுபடி காணோம்.

"இருக்கு பாருங்கோ களவாணி" என்றாள். குரலில் காலையிலிருந்து இல்லாத உற்சாகம். "கீழ உறுமிற பேஸும் அவளின்ர குரலும் ஒரே இடத்திலை இருக்கினம். நல்ல ஸ்பீக்கர் ரெண்டையும் பிரிச்சுக் காட்டும். இதிலை பேஸ் அவளை விழுங்குது."

"அப்ப பேஸைக் குறைச்சுடலாம்" என்றான் ரஞ்சித்குமார்.

குறைத்தாள். குரல் வந்தது, பாட்டு சோர்ந்து போனது. கூட்டினாள். குரல் போனது. பத்து நிமிடம் இப்படியே இழுபறி. பன்னிரண்டு பத்து. கார் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஏசி வேலை செய்யவில்லை என்பதை டாக்டர் சொல்ல மறந்திருந்தார். வள்ளி மோர் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். திரேசா வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு லேப்டாப்பில் ஒரு வரியை முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து, பல்லவி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை, அழித்தாள்.

ரஞ்சித்குமார் எட்டிப் பார்த்தான். "அக்கா, மொத்த பேஸையும் தூக்கிட்டீங்க."

"ஓம்."

"எல்லாரும் ஆடற இடமே அதுதானுங்க. பேஸ் இல்லாம யாராவது பல்லவி போடுவாங்களா?"

"இண்டைக்குப் பிறகு எல்லாரும் போடுவினம்."

கைதட்டலை முன்னுக்குக் கொண்டுவந்தாள். மணியை இரண்டு மடங்கு வேகமாக்கினாள். போட்டாள். இருமும் ஸ்பீக்கரிலிருந்து டெமிலாடே ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தாள். மணியும் கைதட்டலும் அவளைத் தூக்கிப் பிடித்தன. பல்லவி முடிந்து பேஸ் திரும்ப வந்தபோது ஏதோ பாலமே திறந்துவிட்ட மாதிரி இருந்தது. குப்பை போட வந்த சமையல்காரர் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அவர் தோள் அசைந்துகொண்டிருந்தது, அவருக்கே தெரியாமல். வான்மதி ஒரு கையால் பென்ஸ் சாவியில் தாளம் போட்டார்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு டாக்டரின் போன் இணைப்பில் பாட்டு லாகோஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு காத்திருப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரை தட்டில் ஆறியது. திரேசா ஒரு வாய் வைக்கவில்லை. ரஞ்சித்குமார் போனைத் தன் பக்கம் இழுப்பதும் அவள் பக்கம் தள்ளுவதுமாக இருந்தான். "அதை விடுங்க, கல்யாண மாப்பிள்ளையா அது" என்றாள் வள்ளி.

ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. திரேசா ஸ்பீக்கரில் போட்டாள்.

டெமிலாடே பேசினாள். பின்னணியில் ஒரே சத்தம். "ஆன்ட்டி, பதினோரு பேர் கேட்டோம். பல்லவியில பேஸ் போனதும் ஒருத்தன் பிளக் பிடுங்கிடுச்சுன்னு எழுந்து பாத்தான். அப்புறம் திரும்ப வந்துச்சு பாருங்க, யாரும் உக்காரல. பத்துப் பேர் உங்களுக்குக் கை தூக்கினாங்க."

"அந்த ஒராள் ஆர்?" என்று திரேசா தமிழில் முணுமுணுத்தாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஓபின்னாவா?"

"இல்ல, இல்ல. அவர்தான் முதல்ல தூக்கினார். யாரோடதுன்னு தெரியாமலே. இப்ப முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. இருங்க, தரேன்."

கூடத்தில் பக்கத்து மேசைக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஓபின்னா தொண்டையைச் செருமினார்.

"மேடம், வாழ்த்துகள். ஆல்பத்தை உங்ககிட்டயே கொடுக்கறோம். முதல்ல அஞ்சு பாட்டு, மத்தது அப்புறம் பேசிக்கலாம்."

"பத்துன்னுதானே பேச்சு" என்றாள் திரேசா. அவள் சத்தம் போடவில்லை. "பத்தும் நான்தான். அட்டையில டெமிலாடே பெயருக்குக் கீழே என் பெயர். இங்கே பேர்லேண்டில்தான் வேலை. டெமிலாடே இங்கே வருவாள்."

மறுமுனையில் டெமிலாடேயின் சிரிப்பு கேட்டது. "டிக்கெட் போடச் சொல்லுங்க அவரை."

"சரி மேடம்" என்றார் ஓபின்னா. "பத்தும். அட்டையில பெயரும். எப்ப ஆரம்பிப்பீங்க?"

திரேசா போனைக் கையால் பொத்திக்கொண்டு மேசைக்கு எதிரே பார்த்தாள். "டாக்டர், இரண்டாவது பாட்டும் கையிலை இருக்கு. சாவியை இன்னும் ஒரு மணித்தியாலம் தரேலுமோ?"

மணியன் சட்டைப்பையில் கையை விடுவதற்குள் வான்மதி அதிலிருந்து கொரோலா சாவியை எடுத்து மேசைக்குக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் திரேசா போனில்.